மதகும் மோட்டார் சைக்கிளும்

தஞ்சை மண்ணில் பிறந்தவர்க்குத் தண்ணீரின் போக்கைப் பற்றித் தனியே பாடம் நடத்த வேண்டியதில்லை. ஒரே ஆறாக வரும் காவிரி, கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நான்காகப் பிரிவதையும், பின்னர் ஆறு கிளையாறாகி, கிளையாறு வாய்க்காலாகி, வாய்க்கால் வயலில் பாய்வதையும் நாம் சிறு வயது முதற்கொண்டே பார்த்து வருகிறோம். மதகை எப்பொழுது திறப்பது, எவ்வளவு உயரம் தூக்குவது, எத்தனை நேரம் திறந்து வைப்பது என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்தவனே பாசனம் அறிந்தவன் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளோ மோட்டார் சைக்கிள். அதிலும் பழைய இரு வீச்சு எஞ்சினைத் திருத்தி, அதன் ஆற்றலைக் கூட்டும் கலை. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறாரே என்று நீங்கள் எண்ணலாம். சற்றுப் பொறுத்துக் கேளுங்கள். அந்த மூன்று கேள்விகளைத் தவிர வேறொன்றும் இந்தக் கலையில் இல்லை என்பதை நான் ஒரு மோட்டார் சைக்கிளைக் கெடுத்தும், ஒரு நண்பனுக்கு நேர்ந்த காயத்தைக் கண்டும் கற்றுக்கொண்டேன். கற்ற விலை அதிகமாதலால், அதை உங்களுக்கு இலவசமாகச் சொல்லிவிடுவது என் கடமை எனக் கருதுகிறேன்.

நீடாமங்கலத்துக்கு மேற்கே, வெண்ணாற்றங்கரையில் எங்கள் கிராமம். என் சித்தப்பா 1974ஆம் ஆண்டில் ஒரு ராஜ்தூத் மோட்டார் சைக்கிள் வாங்கினார். அக்காலத்தில் நம் நாட்டுச் சாலைகளில் ஓடிய இரு வீச்சு வண்டிகள் பல. மைசூரில் 1961 முதல் ஜாவா வண்டிகள் உருவாயின. அவையே 1973 முதல் எஸ்டி என்னும் பெயர் பெற்றன. போலந்து நாட்டின் எஸ்.எச்.எல். வண்டியைப் பின்பற்றி எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தார் செய்தது ராஜ்தூத். சிலிண்டரின் கொள்ளளவு 173 கன சென்டிமீட்டர். அது தந்த ஆற்றல் பத்துக் குதிரைத்திறனைக்கூட எட்டாது. ஆயினும், விதைநெல் மூட்டை இரண்டைப் பின்னால் கட்டிக்கொண்டு, சேறு படிந்த ஆற்றங்கரையில் முதல் கியரில் முனகாமல் ஏறிவிடும். சித்தப்பாவுக்கு அது போதுமாக இருந்தது. எனக்குத்தான் போதவில்லை.

இந்த எஞ்சின் எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் பார்ப்போம். நான்கு வீச்சு எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் உள்ளே வருவதற்கும் புகை வெளியே போவதற்கும் தனித்தனி வால்வுகள் உண்டு. நம் இரு வீச்சு எஞ்சினில் வால்வு என்பதே இல்லை. சிலிண்டரின் சுவரில் சில ஓட்டைகள் இருக்கின்றன. மேலும் கீழும் ஓடும் பிஸ்டனே அந்த ஓட்டைகளை மூடுகிறது, அதுவே திறக்கிறது. பட்டறையில் இவற்றைப் 'போர்ட்' என்பார்கள். நான் மதகு என்றே சொல்லப் போகிறேன். பிஸ்டன் அதன் பலகை.

மதகுகள் மூன்று வகை. கார்புரேட்டரிலிருந்து வரும் கலவை, சிலிண்டருக்கு அடியிலுள்ள கிராங்க் அறைக்குள் நுழைவது நுழைமதகு. அந்த அறையிலிருந்து பிஸ்டனுக்கு மேலே கலவையை ஏற்றுவது ஊட்டுமதகு. எரிந்த புகையை வெளியே விடுவது புகைமதகு. பிஸ்டன் மேலே ஏறும்போது தலைக்கு மேலுள்ள கலவை நெருக்கப்படுகிறது. அதே வேளையில் காலுக்குக் கீழே வெற்றிடம் உண்டாகி, புதுக் கலவை கிராங்க் அறைக்குள் உறிஞ்சப்படுகிறது. உச்சியை நெருங்கும்போது பிளக் பொறி விடுகிறது. கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. கீழே இறங்கும் வழியில் முதலில் புகைமதகு திறந்து அழுத்தம் வெளியேறும். சற்றுக் கீழே ஊட்டுமதகுகள் திறக்கும். அறைக்குள் நெருக்குண்டிருந்த புதுக் கலவை பீறிட்டு மேலே வந்து, மிச்சப் புகையை முன்னால் தள்ளிக்கொண்டு நிறையும். இவ்வாறு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு நிகழ்கிறது. நான்கு வீச்சு எஞ்சினிலோ இரண்டு சுற்றுக்கு ஒன்றுதான்.

இந்த எளிய அமைப்பை இங்கிலாந்தில் பாத் நகரைச் சேர்ந்த ஜோசப் டே என்பவர் 1891ஆம் ஆண்டையொட்டி உருவாக்கினார். அவரிடம் பணியாற்றிய பிரெடரிக் காக் என்பவர் நுழைமதகையும் பிஸ்டனே திறந்து மூடும்படி அமைத்தார். பின்னர் 1920களில் ஜெர்மானியப் பொறியாளர் அடால்ப் ஷ்னூர்லே, ஊட்டுமதகுகளைச் சாய்வாக அமைத்து, புதுக் கலவை பின்சுவரில் மோதி, மேலெழுந்து, வளைந்து வரும்படி செய்தார். வாய்க்கால் தண்ணீர் நேரே வடிகாலில் விழாமல், வயலைச் சுற்றி வந்து வடிவது போன்றது அது. நம் ராஜ்தூத், ஜாவா முதலிய வண்டிகளெல்லாம் அந்த வழியில் வந்தவையே.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எஞ்சின் நிமிடத்துக்கு 5000 சுற்றுச் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு. சுற்று ஒன்றுக்கு 360 பாகை; அதில் புகைமதகு 160 பாகை திறந்திருந்தால், ஆயிரத்தில் ஐந்து பங்குக்குச் சற்று மேற்பட்ட நேரமே அது திறந்திருக்கிறது. அதற்குள் பழையது வெளியேறிப் புதியது நிறைந்தாக வேண்டும். சுற்று வேகத்தை இரட்டித்தால் நேரம் பாதியாகிவிடும். மதகு போதாமல், சிலிண்டர் அரையும் குறையுமாக நிறையும். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் வண்டி எவ்வளவு முறுக்கினாலும் ஓடாமல் திணறுவதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே, ஆற்றலைக் கூட்ட விரும்புவோர் முதலில் கை வைப்பது மதகின் உயரத்தில். புகைமதகின் மேல்விளிம்பைச் சற்று மேலே அராவிவிட்டால், அது முன்னதாகத் திறக்கும், பின்னதாக மூடும். ராஜ்தூத்தைப் போன்று அறுபது மில்லிமீட்டர் அளவு வீச்சுள்ள எஞ்சினில், ஒரு மில்லிமீட்டர் உயர்த்தினால் திறந்திருக்கும் காலம் நான்கு பாகைக்குச் சற்று அதிகமாகக் கூடுகிறது. பந்தய எஞ்சின்களில் இது 190 பாகையையும் தாண்டும். அதிவேகத்தில் சிலிண்டர் நன்றாக நிறையும். ஆனால் மெதுவாக ஓடும்போதோ, புகைமதகு தேவைக்கு மேல் நெடுநேரம் திறந்து கிடப்பதால், உள்ளே வந்த புதுக் கலவையே வெளியே வழிந்து ஓடிவிடும். மேலும், புகைமதகு மூடிய பிறகே பிஸ்டனால் கலவையை நெருக்க முடியுமாதலால், நெருக்கத்துக்கு எஞ்சியிருக்கும் தூரமும் குறைந்துவிடும். இழுவிசை எங்கே தேவையோ அங்கே அது இல்லாமற் போகும். இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இரண்டாவது வழி புகைக்குழாய். இது வியப்புக்குரியது. புகைமதகு திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாய்க்குள் பாய்கிறது. வாய்க்காலில் ஓடும் அலை, அகன்ற குளத்தில் விரியும்போது பின்னால் ஓர் இழுப்பை உண்டாக்குகிறது. மூடிய ஷட்டரில் மோதினால் திரும்பி எதிர்த்து வருகிறது. குழாயிலும் அப்படியே. குழாய் கூம்பாக விரியுமிடத்திலிருந்து ஓர் இழுப்பலை திரும்பி வந்து, சிலிண்டரிலுள்ள புகையை உறிஞ்சுகிறது. பின்னர்க் குழாய் குறுகுமிடத்தில் மோதிய அழுத்த அலை திரும்பி வந்து, வழிந்து வெளியேறப் பார்த்த புதுக் கலவையை மதகு மூடும் தறுவாயில் மீண்டும் உள்ளே தள்ளிவிடுகிறது. உலோகத்தாலான பலகை ஏதுமின்றி, அலையே ஒரு பலகையாக நின்று காவல் காக்கிறது!

அந்த அலை சரியான நேரத்தில் திரும்ப வேண்டுமானால் குழாய் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? சூடான புகையில் அலை நொடிக்கு ஏறத்தாழ 500 மீட்டர் செல்கிறது. 5000 சுற்றில் மதகு திறந்திருக்கும் நேரத்துக்குள் அது சுமார் 2.66 மீட்டர் செல்லும். போய்த் திரும்புவதால் பாதியாக்குங்கள்: 1.33 மீட்டர். அதுவே 7500 சுற்றில், மதகு 180 பாகை திறந்திருக்கும் எஞ்சினுக்கு ஒரு மீட்டர்தான். வேகம் கூடக் கூடக் குழாய் குறுக வேண்டும். ஒரு வேகத்துக்கு அளவெடுத்த குழாயில் வேறு வேகத்தில் ஓட்டினால், அலை முந்தியோ பிந்தியோ வந்து, உதவி செய்வதற்குப் பதில் உபத்திரவம் செய்யும். குழாயும் ஒரு வேகத்துக்கே உரியது என்பதைக் கவனியுங்கள்.

இந்த அலைக் கணக்கை அறிவியலாகவே வளர்த்தவர், கிழக்கு ஜெர்மனியில் ட்ஷோபாவ் என்னும் ஊரிலிருந்த எம்.இசட். தொழிற்சாலையின் பொறியாளர் வால்டர் காடன். பெரிய பணவசதி ஏதுமின்றி, 125 கன சென்டிமீட்டர் எஞ்சினில் 1961ஆம் ஆண்டளவில் 25 குதிரைத்திறனை அவர் வரவழைத்தார். ஒரு லிட்டருக்கு 200 குதிரைத்திறன் என்பது அதற்கு முன் காற்றழுத்தி உதவியின்றி எவரும் எட்டாத அளவு. அவ்வாண்டு செப்டம்பரில் ஸ்வீடன் நாட்டுப் பந்தயத்துக்குச் சென்ற அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர், நாடு திரும்பாமல் தப்பிச் சென்று, ஜப்பானின் சுசுகி நிறுவனத்தில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே சுசுகி வண்டியில் 50 கன சென்டிமீட்டர் பிரிவின் உலகப் பட்டத்தை வென்றார். காடனின் குழாய் ரகசியமும் அவரோடு கடல் கடந்தது. சில ஆண்டுகளில் ஜப்பானிய இரு வீச்சு வண்டிகள் உலகெங்கும் பரவின.

அந்த வெள்ளம் நம் நாட்டுக்கும் வந்தது. 1983இல் யமஹாவின் 350 வண்டி ராஜ்தூத் என்னும் பெயரிலேயே வெளிவந்தது. 1985இல் ஆர்.எக்ஸ். 100 வந்தது. அதன் கொள்ளளவு 98 கன சென்டிமீட்டரே. ஆற்றலோ 7500 சுற்றில் 11 குதிரைத்திறன். சித்தப்பாவின் 173 கன சென்டிமீட்டர் வண்டியைவிட, ஏறக்குறையப் பாதியளவான எஞ்சின் அதிக ஆற்றலைத் தருகிறதென்றால், ஒரு மாணவனின் மனம் சும்மா இருக்குமா?

1986ஆம் ஆண்டு நான் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். நண்பர்கள் நால்வர் ரயிலேறிச் சென்னைக்குச் சென்று, வடக்கே சோழவரத்தில் நடந்த பந்தயத்தைப் பார்த்தோம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. 1953இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல ஆண்டுகள் பந்தயங்களை நடத்தி வந்தது. 1990இல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் வந்த பின் அவை அங்கே இடம் மாறின. எஸ்டி வண்டிகளும் 350 வண்டிகளும் நீலப் புகையைக் கக்கிக்கொண்டு பறந்த காட்சியும், வறுத்த ஆமணக்கெண்ணெயின் மணமும் என் தலைக்கேறின. ஊர் திரும்பியபோது நான் பழைய ஆளாக இல்லை.

சித்திரை விடுமுறையில், சித்தப்பா ஒரு திருமணத்துக்குச் சென்றிருந்த மூன்று நாட்களில், வண்டியின் ஹெட்டைக் கழற்றிச் சிலிண்டரை வெளியே எடுத்தேன். அரை வட்ட அரம் கொண்டு புகைமதகை மூன்று மில்லிமீட்டர் மேலே அராவினேன். சைலன்சரின் உள்ளே சத்தத்தை அடக்கும் குழாயை உருவி எறிந்தேன். கணக்கு ஒன்றும் போடவில்லை. பெரிதாக்கினால் பெருகும் என்னும் ஒரே நம்பிக்கைதான். மூன்று மில்லிமீட்டர் என்றால் பதின்மூன்று பாகை என்பதை, அதன் பிறகு வெகு நாள் கழித்தே கணக்கிட்டு அறிந்தேன்.

முதல் ஓட்டத்தில் எனக்குக் கர்வம் தாங்கவில்லை. மூன்றாம் கியரில் வண்டி ஊளையிட்டுக்கொண்டு சீறியது. முன்பு எட்டாத வேகத்தை முள் காட்டியது. பன்னிரண்டு நாட்கள் அந்தப் பெருமையில் மிதந்தேன்.

முதல் அடி ஆற்றங்கரையில் விழுந்தது. குறுவைக்கு விதை தூவ வேண்டிய காலம். சித்தப்பா வழக்கம்போல் இரண்டு மூட்டை விதைநெல்லைக் கட்டிக்கொண்டு கரையேறினார். பாதி ஏற்றத்தில் எஞ்சின் இருமி நின்றது. மறுபடி உதைத்துக் கிளப்பினார், மறுபடியும் நின்றது. கீழே இறங்கி, மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தலையில் சுமந்து ஏற்றினார். பின் பின்புறம் குனிந்து சைலன்சரைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். கோபிக்கவில்லை.

"தம்பி, தண்ணி முழுசையும் தலைமடைக்கே திருப்பிட்ட போலிருக்கே. கடைமடைக்கு என்ன வச்சிருக்கே?" என்று மட்டும் கேட்டார்.

அவர் பொறியியல் படித்தவரல்லர். பதினேழு வயதிலிருந்து வாய்க்கால் முறை வைத்தவர். ஆனால், இரு வீச்சு எஞ்சின் பற்றி நான் பின்னால் படித்த நூல்களில் எதுவும் இதைவிடச் சுருக்கமாக உண்மையைச் சொல்லவில்லை. அராவுகிறவன் ஆற்றலைப் படைப்பதில்லை. மெதுவேகத்தில் இருந்த இழுவிசையை எடுத்து அதிவேகத்தில் கொண்டுபோய்க் கொட்டுகிறான். பந்தயத் தடத்தில் எஞ்சின் எப்பொழுதும் தலைமடையிலேயே ஓடுகிறது. அங்கே அது ஆதாயம். ஆற்றங்கரையில் ஓடும் எஞ்சினோ கடைமடையில் வாழ்கிறது.

அப்பொழுதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. வைகாசி மாதத்து நடுப்பகலில், வகுப்புத் தோழன் ஒருவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, சாலியமங்கலத்திலிருந்து தஞ்சைக்குப் போகும் சாலையில் முழு வேகத்தில் சென்றேன். எஞ்சினின் ஓசையில் ஒரு மெல்லிய கிண்கிணி கேட்டது. அது நல்ல இசை என்று எண்ணினேன். அடுத்த கணம் பின்சக்கரம் பூட்டுப் போட்டாற்போல் நின்றுவிட்டது. வண்டி வழுக்கிக்கொண்டே சென்று விழுந்தது. எனக்கு முழங்காலில் தோல் போயிற்று. அவனுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. அடுத்த மாதம் நடந்த தேர்வை அவனால் எழுத முடியவில்லை. ஓர் ஆண்டு போயிற்று. அவன் என்னை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்த ஆண்டை நான் அவனுக்குத் திருப்பித் தர வழியுமில்லை.

என்ன நடந்தது? புகைக்குழாயின் தடையை நீக்கியதால் காற்று மிகுதியாக உள்ளே பாய்ந்தது. அதற்குத் தக்கபடி கார்புரேட்டரின் ஜெட்டை நான் பெரிதாக்கவில்லை. கலவையில் பெட்ரோல் குறைந்தது. இரு வீச்சு எஞ்சினில் உயவு எண்ணெய் பெட்ரோலோடு கலந்தே வருகிறது. அந்நாளில் லிட்டருக்கு 40 அல்லது 50 மில்லி ஊற்றுவோம். ஆகவே, பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும், குளிர்ச்சியும் குறையும். மெலிந்த கலவை மிகுந்த சூட்டோடு எரிந்தது. நான் கேட்ட கிண்கிணி, கலவை ஒழுங்கின்றி வெடித்த ஓசை. அலுமினியப் பிஸ்டன் வார்ப்பிரும்புச் சிலிண்டரைவிட விரைவாக விரிவடைந்து, சுவரைப் பற்றிக்கொண்டது. பட்டறையில் இதைச் 'சீஸ்' என்பார்கள். ஓசை மாறிய அக்கணமே கிளட்சைப் பிடித்திருந்தால் சக்கரமாவது சுழன்றிருக்கும். பழைய இரு வீச்சு வண்டியோட்டிகள் எப்பொழுதும் இரண்டு விரலைக் கிளட்சின் மேல் வைத்திருப்பதன் காரணம் அன்றுதான் எனக்கு விளங்கியது.

சிலிண்டரைக் கும்பகோணத்தில் ஒரு லேத் பட்டறைக்கு எடுத்துச் சென்றேன். அங்கிருந்த முதியவர் விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்து, "அராவின இரும்பு திரும்ப வளராது" என்றார். சிலிண்டரைக் குடைந்து, புது ஸ்லீவ் ஒன்றை இறுக்கி, அதில் மதகுகளைப் புதிதாக வெட்ட வேண்டும். வெட்டுவதற்கு அளவு? அராவப்படாத வேறொரு ராஜ்தூத் சிலிண்டரை வருவித்தார். அதன் உள்ளே ஒரு தாளைச் சுருட்டி ஒட்டினாற்போல் வைத்து, பென்சிலின் பக்கவாட்டால் மெல்லத் தேய்த்தார். நாணயத்தின் மேல் தாள் வைத்துத் தேய்த்தால் உருவம் படிவதுபோல, மதகுகளின் விளிம்புகள் தாளில் தெளிவாகப் படிந்தன. தாளை விரித்தபோது, ஒரு பாசன வரைபடத்தையே பார்ப்பது போலிருந்தது. அந்தத் தாளை இன்றும் வைத்திருக்கிறேன். எந்த எஞ்சினைத் தொடுவதற்கு முன்பும் அதன் மதகுப் படத்தை முதலில் எடுத்துவைப்பது என் வழக்கமாயிற்று.

மாணவ நண்பர்களே, உங்களிலும் சிலர் வீட்டுக் கொட்டகையில் தாத்தாவின் ஜாவாவோ எஸ்டியோ ராஜ்தூத்தோ தூசி படிந்து நிற்கலாம். அதைத் தொட வேண்டாமென்று நான் சொல்லமாட்டேன். தொடுவதற்கு முன், மீட்பது வேறு, கூட்டுவது வேறு என்பதைப் பிரித்தறியுங்கள். பழைய எஞ்சின் இழந்துவிட்ட ஆற்றலை மீட்பதற்கு அரம் தேவையில்லை. புகைமதகிலும் சைலன்சரிலும் படிந்த கரியைச் சுரண்டுங்கள். கிராங்க் அறையின் ஆயில் சீல்களை மாற்றுங்கள். அவை கசிந்தால் காற்று புகுந்து கலவை மெலியும், எனக்கு நேர்ந்ததே உங்களுக்கும் நேரும். பொறி விடும் நேரத்தைச் சரியாக வையுங்கள். கார்புரேட்டரின் ஜெட்டுகளைத் துலக்குங்கள். ஊட்டுமதகின் வாயும் கிராங்க் அறையின் வாயும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பாருங்கள். நடுவிலுள்ள கேஸ்கட் துருத்திக்கொண்டிருந்தால் அதை மட்டும் வெட்டிச் சீராக்குங்கள். தூர் வாரிய வாய்க்காலில் தண்ணீர் தானே பாயும்.

அதற்கு மேலும் கூட்டிப் பார்க்க ஆசையிருந்தால், மூலச் சிலிண்டரை எண்ணெய் தடவிப் பத்திரமாக எடுத்துவைத்துவிட்டு, வேறொன்றை வாங்கி அதில் கை வையுங்கள். பாகை வட்டு வைத்து அளந்து, ஒரு மாற்றம் செய்து, ஓட்டிப் பார்த்து, பிளக்கின் நிறத்தைக் கவனித்து, பிறகே அடுத்த மாற்றத்துக்குச் செல்லுங்கள். பிளக் வெளிறியிருந்தால் கலவை மெலிந்திருக்கிறது; உடனே நிறுத்துங்கள். புகைமதகை அகலமாக்குவது உயர்த்துவதைவிட ஆபத்து. பிஸ்டனின் ரிங் அதில் பிதுங்கி மாட்டிக்கொண்டு உடையும். அப்படித் திருத்திய வண்டியைப் பந்தயத் தடத்தில் ஓட்டுங்கள். பொதுச் சாலையில் வேண்டாம். பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவில் தடுக்கிறது. அடுத்த வீட்டில் படிக்கும் குழந்தையின் காதும் நம் பொறுப்பே.

இந்த எஞ்சின்கள் ஏன் மறைந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். புகைமதகும் ஊட்டுமதகும் ஒரே நேரத்தில் திறந்திருப்பதால், பழைய கார்புரேட்டர் வகை இரு வீச்சு எஞ்சின்களில் நூற்றுக்குப் பதினைந்து முதல் நாற்பது பங்கு வரை பெட்ரோல் எரியாமலே வெளியேறியது. அத்துடன் எண்ணெய்ப் புகையும் சேர்ந்தது. 1991 முதல் புகை விதிகள் இறுகத் தொடங்கின. 1996இலும் 2000இலும் மேலும் இறுகின. ஆர்.எக்ஸ். 100இன் உற்பத்தியும் மைசூர்த் தொழிற்சாலையும் 1996இலேயே நின்றன. ஓசூரில் 1980இல் பிறந்து, நம் வயற்கரைகளில் நெல் மூட்டையும் வைக்கோல் கட்டும் சுமந்த டி.வி.எஸ். 50இன் வழித்தோன்றலுக்கும் 2015இல் நான்கு வீச்சு எஞ்சின் வந்தது. அந்தச் சிறு வண்டியின் எஞ்சினை ஒரு முறை நினைத்துப் பாருங்கள். ஐம்பது கன சென்டிமீட்டர்கூட நிறையாத சிலிண்டர். வேகமா இழுவையா என்னும் கேள்விக்கு, இழுவையே என்று யாரோ ஒரு பொறியாளர் முடிவு செய்தார். கடைமடையை மறவாத கை அது.

சித்தப்பா இப்பொழுது இல்லை. ராஜ்தூத் என்னிடம் இருக்கிறது. ஸ்லீவ் போட்ட சிலிண்டர், பழைய உயரத்தில் மதகுகள், முழுச் சைலன்சர். மேட்டூரில் தண்ணீர் திறந்த செய்தி கேட்டுச் சில நாட்களில் வெண்ணாற்றில் நீர் வரும். அன்று மாலை அந்த வண்டியை எடுத்துக்கொண்டு கரைமேல் ஏறுவேன். பாதி ஏற்றத்தில் கைப்பிடியைச் சற்றுத் தளர்த்திப் பார்ப்பேன். எஞ்சின் இருமுவதில்லை. அப்பொழுதெல்லாம் மணிக்கட்டு முறிந்த என் தோழனின் நினைவும், சித்தப்பாவின் கேள்வியும் கூடவே வரும். எதையேனும் பெரிதாக்கத் துணியும் கை, அதனால் எங்கே காயப்போகிறது என்று முதலில் ஒரு முறை பார்த்துக்கொள்ளட்டும்.